லோர்னா கையெழுத்திட வேண்டிய தாள்

ஜோன்ஸ்போர்ட், மெய்ன்
அக்டோபர் 6

அன்புள்ள லோர்னாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீயும் கிளெண்டாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் அக்காவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அவளே போனில் சொன்னாள். நான் கூப்பிடும்போதெல்லாம் நீ குளித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். டென்னசியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை போலிருக்கிறது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதம் வந்தால் குளிக்கப் போய்விட்டேன் என்று சொல்ல முடியாது.

முதலில் அந்த விவாகரத்து மனுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சமையலறை மேஜையில் நீ வைத்துவிட்டுப் போனது பத்திரமாக இருக்கிறது. உன் கையெழுத்து வழக்கம்போல அழகு. என் கையெழுத்துக்கு விட்டிருக்கும் இடம் காலியாக இருக்கிறது. அது காலியாகவே இருக்கும்.

நீ சொன்ன கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி உன் நரம்பு வியாதிக்கான மருந்தை மறுத்துவிட்டது. டாக்டர் சீவல் எழுதிக் கேட்டும் மறுத்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி என்று இருக்கும்வரை என் பட்டறை வருமானம் உன் கணக்கிலும் ஏறும். பிரிந்துவிட்டால் உனக்கு வருமானமே கிடையாது, மாநிலத்தின் இலவச வைத்தியம் கிடைக்கும், ஆஸ்பத்திரிக் கடனும் பட்டறைப் பக்கம் வராது. "காகிதத்துலதான் டாரல், மத்தபடி எல்லாம் அப்படியேதான்" என்றாய். காகிதத்தில் மட்டும்தான் என்றால், அக்காவின் முட்டியைப் பார்த்துக்கொள்ள டென்னசிக்குப் போகிறவள் எதற்காகப் பனிக்காலக் கோட்டும் எடுத்துக்கொண்டு போனாய்? அங்கே இன்னும் மின்விசிறி ஓடுகிறது என்கிறாள் கிளெண்டா.

எல்வினிடம் சொன்னேன். அவன் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தேன், பேச்சுவாக்கில் வந்துவிட்டது. "அட, போட்டுத் தொலைடா கையெழுத்தை! ஊர்ல எத்தனை பேர் பண்றாங்க. பேப்பர்ல பிரிஞ்சா என்ன, ராத்திரி பீன்ஸ் ஒரே சட்டியிலதானே சாப்பிடப் போறீங்க?" என்றான். நோரீன் அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து பின்னால் நின்றிருந்ததை அவன் பார்க்கவில்லை. "ஏன், உனக்கும் அந்த ஆசை இருக்கோ? வாயை மூடிட்டுத் தின்னு" என்று பாத்திரத்தை அவன் மடியிலேயே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கம்பெனிக்காரன் அனுப்பின தாள் ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டு நாளைக்கு என் ஆபீசுக்கு வா. கோவத்தை மட்டும் பட்டறையிலயே பூட்டி வெச்சுட்டு வா" என்றாள். மச்சையஸ் சுகாதார நிலையத்தில் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று இத்தனை வருஷமாக நாம் யாராவது கேட்டிருக்கிறோமா? இந்த மாதிரி விஷயத்தில் ஜனங்களுக்கு வழி சொல்வதுதான் அவள் வேலை.

போனேன். கோபத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டுதான் போனேன். அவள் முதலில் கேட்டது உன்னைப் பற்றி. டென்னசியில் இருக்கிறாய் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எந்த உதவிக்காக அவ பிரியணும்ங்கிறாளோ, அந்த உதவி இந்த மாநிலத்துல இருக்கிறவங்களுக்குத்தான். அங்கேயே குடியிருக்கப் போனா, வருமானம் இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக அவ வயசுல அங்க ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. புருஷனும் போயி, மருந்தும் போகும்" என்றாள். இதைப் படித்ததும் நீ கோபப்படுவாய். படு. ஆனால் மறுபடியும் ஒருமுறை படி.

அடுத்து அவள் சொன்னதைக் கேட்டு நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கம்பெனி இல்லை என்று சொன்னால் அதோடு கதை முடிந்தது என்றுதானே நாம் நினைத்தோம்? முடியவில்லை. மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் நாம் மனுச் செய்யலாம். கம்பெனியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வெளி டாக்டர் ஒருவரை வைத்து அவர்கள் முழுவதையும் மறுபடி பார்ப்பார்கள். அவர் கொடு என்றால் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். நமக்கு ஒரு காசு செலவில்லை. நம் காப்பீடு நாமாகக் காப்பீட்டுச் சந்தையில் வாங்கியது என்பதால் இந்த மாநிலச் சட்டம் முழுசாகப் பொருந்துமாம். சில பெரிய முதலாளிகள் தங்கள் ஆட்களுக்குத் தங்கள் பணத்திலேயே நடத்தும் காப்பீடாக இருந்தால் வேறு வாசலைத் தட்ட வேண்டியிருக்குமாம்.

இன்னொன்றும் இருக்கிறது. முதலில் மாத்திரை சாப்பிடு, அது பலிக்காவிட்டால்தான் நரம்பில் ஏற்றும் மருந்து என்கிறார்கள் அல்லவா? அதே மாத்திரையை நீ பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில் சாப்பிட்டு, பலிக்காமல்தானே டாக்டர் மாற்றினார்! அப்போது இருந்தது வேறு கம்பெனியின் காப்பீடு என்பதால் இவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் எந்தக் கம்பெனியில் இருந்தபோது பலிக்காமல் போனாலும் பலிக்காததுதான் என்கிறது நம் மாநிலச் சட்டம். நோரீன் அந்த இடத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் திரும்பவும் வாசிக்கச் சொன்னேன். பாட்டு மாதிரி இருந்தது.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை. வியாதி உன்னுடையது, காப்பீட்டில் பெயர் உன்னுடையது. நீ கையெழுத்துப் போட்டு என்னை உன் பிரதிநிதியாக நியமித்தால்தான் நான் ஒரு தாளைக்கூடத் தொட முடியும். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டிய உறையும் இருக்கிறது. நீ என் கையெழுத்தைக் கேட்டாய். நான் உன் கையெழுத்தைக் கேட்கிறேன். இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று நீயே யோசி.

இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. சனிக்கிழமை வழக்கமான பீன்ஸ் பயறு அடிப்பிடித்துவிட்டது. வெல்லப்பாகு எவ்வளவு ஊற்றுவாய் என்று எழுது. கிளெண்டாவை மாடிப்படி ஏறவிடாதே. நீயும் ஏறாதே.

கடவுள் உங்கள் இருவருக்கும் திடம் கொடுக்கட்டும்.

என்றும் உன்,
டாரல்


ஜோன்ஸ்போர்ட்
நவம்பர் 9

அன்புள்ள லோர்னா,

நலமறிய ஆவல். நீ அனுப்பிய உறை போன மாதமே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. வேறு ஏதாவது இருக்குமோ என்று உறையை உதறிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சரி, கேட்டது கையெழுத்துத்தானே, கிடைத்துவிட்டது.

நேற்றுக் காப்பீட்டுத் துறை விசாரணையில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். போனில் கேட்டவளுக்கு இந்தப் பக்கம் நடந்தது தெரியாது.

அதற்கு முன்னால் ஓடிய ஓட்டம் பெரிய கதை. பழைய கிளினிக்கை மூடிவிட்டார்கள். உன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு எல்ஸ்வொர்த்துக்குப் போனேன், அவர்கள் பாங்கோருக்கு அனுப்பினார்கள், பாங்கோரில் ஒரு பெண் "அடுத்த வாரம் வாங்க" என்றாள். "அம்மா, நான் படகு எஞ்சின் ரிப்பேர்காரன். அடுத்த வாரம் வாங்கன்னு சொல்ற கலையை நான் உங்களைவிட நல்லா பண்ணுவேன். இங்கயே உட்கார்ந்துக்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டாள். மதியத்துக்குள் கட்டு கைக்கு வந்தது. பிரித்துப் பார்க்காமல் நோரீனிடம் கொடுத்தேன். உன்னைப் பற்றி டாக்டர்கள் எழுதியதை உன் முகத்துக்கு முன்னால் அல்லாமல் படிக்க எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் சீவலும் நல்லதாக ஒரு கடிதம் எழுதினார். மருந்து தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் உனக்கு ஆபத்து என்று அதில் இருந்த வரியை மட்டும் படித்தேன். அதுவே போதுமாக இருந்தது.

நேற்றுக் காலை நோரீன் ஆபீசில் போனை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். "போன்ல சட்டை தெரியாதுடா" என்றாள். "எனக்குத் தெரியுமில்ல" என்றேன்.

மாநிலத்தின் சார்பில் ஒரு அம்மாள், வெளி டாக்டர், கம்பெனியின் டாக்டர். கம்பெனி டாக்டர் மோசமான மனிதர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். "எங்க விதிப்படி முதல்ல மாத்திரைதாங்க. எங்ககிட்ட சேர்ந்த பிறகு அவங்க அந்த மாத்திரை எடுத்ததா எந்தப் பதிவும் இல்லை" என்றார். நான் வாரம் முழுக்கத் தயார் செய்திருந்த பேச்சை எடுத்துவிட்டேன். "ஐயா, ஒரு படகுல பம்பு கெட்டுப்போச்சு, கழட்டிப் போட்டாச்சு. அப்புறம் படகை வேற ஒருத்தர் வாங்கறாரு. கெட்ட பம்பையே திரும்ப மாட்டு, எனக்கு முன்னாடி ஒருவாட்டி கெடட்டும்னு அவர் சொன்னா, கடல்ல போறவன் கதி என்ன?" என்று கேட்டேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அந்த அம்மாள், "குறிச்சுக்கிட்டோம் மிஸ்டர் பீல்" என்றாள். அவ்வளவுதான். நோரீன் கையை வைத்து வாயை மூடிக்கொண்டாள்.

அப்புறம் வெளி டாக்டர் கேட்டார்: "அந்த மாத்திரை சாப்பிட்ட குளிர்காலத்துல நீங்க நேர்ல என்ன பார்த்தீங்க?" சோர்ந்து போவாள் என்றேன். படியில் தடுமாறினாள் என்றேன். "வேற?" என்றார். இருபத்தேழு வருஷமாகக் கூடவே இருக்கிறவன், பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்காமல் வந்தவன்போல விழித்தேன். போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நான் சொல்றேன். நான் லோர்னா பீல். கையும் காலும் என்னோடது, நானே சொல்றேன்."

நீ அந்த அழைப்பில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் அந்த எண்ணை அனுப்பியிருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு வாரம் கழித்து உன் குரல். நான் எழுந்து நின்றுவிட்டேன் லோர்னா. நீ பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டேதான் இருந்தேன்.

பள்ளிக்கூடச் சமையலறையில் கொதிக்கிற பீன்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்ததாகச் சொன்னாய். இடது கை தட்டை விட்டுவிட்டது உனக்கே தெரியவில்லை, காலில் கொட்டிய பிறகுதான் தெரிந்தது என்றாய். "அதுவும் வலியில இல்லைங்க, பிள்ளைங்க கத்தினதுலதான் தெரிஞ்சுது" என்றாய். இரண்டு நாளில் மறுபடியும் கை மரத்துப்போனது, யாராவது பிள்ளையின் மேல் கொட்டிவிடுவோமோ என்ற பயத்தில்தான் வேலையை விட்டேன் என்றாய். அதற்குள் வெளி டாக்டர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆமாம், இருக்கு. அதே மாசத்துப் பதிவு. தீக்காயம், இடது கை உணர்ச்சி இல்லை" என்றார். கம்பெனி டாக்டர், "இது எங்ககிட்ட வரவே இல்லை" என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. எனக்கும்தான் வரவில்லை.

வீட்டு அடுப்பில் சூப் கொட்டிவிட்டது என்று என்னிடம் சொன்னாய். அந்தக் காலுக்குத் தினமும் கட்டுப்போட்டது நான்தான். வேலை அலுத்துவிட்டது என்று சொன்னாய். நானும் நல்லது, வீட்டில் இரு என்று சொல்லிவிட்டு எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோபம் இல்லை. நிஜமாகவே இல்லை. முகம் தெரியாத மூன்று பேரிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் ஏன், என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே கேட்க வேண்டாம் என்று தோன்றுகிறது. எனக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாய். அந்த மனுவில் கையெழுத்துப் போட்டது இப்போது இல்லை, அந்தக் குளிர்காலத்திலேயே போட்டுவிட்டாய். நான் பாரம் தூக்கியே பிழைக்கிறவன் லோர்னா. எது கனம், எது கனமில்லை என்று எனக்குத் தெரியும். நீ கனமில்லை.

விசாரணை முடிந்ததும் நோரீன் வெளியே போய்விட்டாள். நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது.

தீர்ப்பு எழுத்தில் வருமாம். வரும், நல்லதாகவே வரும். எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளத்தாக்குப் பக்கம் ஃபிர் மரக்கிளை ஒடிக்கக் கிளம்பிவிட்டார்கள், கிறிஸ்துமஸ் வளையம் கட்டும் வேலை ஊரெங்கும் நடக்கிறது. எல்வின் சிங்கி இறால் கூண்டுகளைக் கரையேற்றிவிட்டான். எஞ்சினுக்குக் கூலி கேட்டால், "விவாகரத்து ஆகலைன்னதும் தள்ளுபடி கிடையாதா?" என்கிறான்.

கையை வெந்நீரில் வைத்து எடு. சுகமாக இரு. நேற்றுப் பேசியதற்கு நன்றி என்று எழுதினால் அந்நியமாக இருக்கிறது, ஆனாலும் நன்றி.

உன்,
டாரல்


ஜோன்ஸ்போர்ட்
டிசம்பர் 2

என் அருமை லோர்னா,

ஆண்டவன் அருளால் எல்லாம் நலம். இந்த முறை இந்த வார்த்தை சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதியது இல்லை.

தீர்ப்பு வந்துவிட்டது. உனக்கும் ஒரு நகல் வந்திருக்கும், ஆனாலும் நான் சொல்லும் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க முடியாது. கம்பெனியின் மறுப்பு செல்லாது. மாத்திரை ஏற்கெனவே பலிக்காமல் போனதற்கு ஆதாரம் இருக்கிறது, டாக்டர் எழுதிய மருந்தையே கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. என் பம்பு கதை அதில் எங்கேயும் இல்லை. நீ சொன்னது இருக்கிறது, உன் பெயரோடு. நோரீனுக்குப் போன் செய்து வாசித்தேன். "மறுபடியும் வாசி" என்றாள். அன்றைக்கு எனக்குச் சட்டத்தை வாசித்துக் காட்டியதற்குப் பழிக்குப்பழி. எல்வின் பின்னாலிருந்து, "கெலிச்சுட்டானா? கெலிச்சுட்டானா?" என்று கத்தினான். நேற்று அவன் படகில் ஹார்ன் அடித்துத் துறைமுகத்தையே எழுப்பிவிட்டான்.

போன ஞாயிறு நீ போன் செய்தபோது இருவரும் பனியைப் பற்றியும் ஹேடாக் மீன் விலையைப் பற்றியும் பேசினோம். கிளெண்டா நன்றாக நடக்கிறாள் என்றாய். வைக்கும் முன்னால் ஏதோ சொல்ல வந்து, "ஒண்ணுமில்ல, கதவைச் சாத்திக்கிட்டுப் படு" என்றாய். சாத்திக்கொண்டுதான் படுக்கிறேன். தாழ் மட்டும் போடுவதில்லை.

டாக்டர் சீவல் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த மாதம் பதினெட்டாம் தேதி காலை, பாங்கோரில், மருந்து ஏற்றுவதற்கு உனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டிவரச் சொன்னாள் அந்தப் பெண். நான்தான் அது என்றேன்.

அடுத்த வருஷத்துக்கான காப்பீட்டையும் இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் சேர்ந்தால்தான் வருஷப் பிறப்பிலிருந்து நடக்கும். மாதக்கட்டணம் எது குறைவோ அதை எடுப்பது என்ற பழக்கத்தை நோரீன் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள். உன் மருந்து பட்டியலில் இருக்கிறதா, டாக்டர் சீவலும் பாங்கோர் ஆஸ்பத்திரியும் உள்ளே வருகிறார்களா, கம்பெனி கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாம் கைப்பணம் எவ்வளவு போட வேண்டும், வருஷத்துக்கு அதிகபட்சம் எவ்வளவோடு நம் பங்கு நின்றுவிடும், இதையெல்லாம் பார்த்த பிறகுதான் மாதக்கட்டணத்தைப் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். நாம் விலை அதிகம் என்று பயந்து ஒதுக்கிய நடுத்தரத் திட்டம்தான், வருமானத்துக்கு ஏற்ற சலுகையைக் கழித்த பிறகு, வருஷ முடிவில் நமக்கு மலிவாக வருகிறது. பட்டறையை விற்க வேண்டாம். பட்டறையைக் காப்பாற்ற யாரும் ஊரைவிட்டுப் போகவும் வேண்டாம்.

நடுவில் ஒருவன் போன் செய்தான். பாதி விலையில் முழு வைத்தியக் காப்பீடு, இன்றைக்கே கார்டு நம்பர் சொன்னால் உண்டு, நாளைக்கு இல்லை என்றான். "தம்பி, ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு உண்டா?" என்றேன். "அது வந்து சார்..." என்றான். "இந்த மாநிலத்துல விக்க உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா? நம்பரைச் சொல்லுங்க, துறையிலே கேட்டுட்டு வரேன்" என்றேன். வைத்துவிட்டான். இந்த இரண்டு கேள்வியையும் கிளெண்டாவுக்கும் சொல்லிக்கொடு. எந்த ஊரிலும் செல்லும்.

அந்த விவாகரத்து மனுவை நான் கிழிக்கவில்லை. கிழிப்பது என் வேலை இல்லை. முதலில் கையெழுத்துப் போட்டவள் நீ. நீயே வந்து என்ன செய்ய வேண்டுமோ செய்.

விண்ணப்பத்தை நேற்று உட்கார்ந்து நானே நிரப்பினேன். தொழில், வருமானம், பிறந்த தேதி எல்லாம் எழுதியாயிற்று. குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. உன்னைக் கேட்காமலேயே இருவர் என்று எழுதிவிட்டேன். அதில் எனக்குத் தயக்கம் வரவில்லை. அதற்கடுத்த கேள்வியில்தான் நின்றுவிட்டேன். இருவரும் இந்த மாநிலத்தில் வசிக்கிறீர்களா என்று கேட்கிறது. பொய் எழுதக் கூடாது என்று நோரீன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

பதினைந்தாம் தேதிவரை நேரம் இருக்கிறது. எந்தப் பேருந்தில் வந்தாலும், எந்த விமானத்தில் வந்தாலும், எந்த நேரமானாலும், வண்டியில் சூடு போட்டுக்கொண்டு நிற்பேன்.

வழியெல்லாம் உனக்குத் துணை இருக்கட்டும். ஆம் என்று நான் எழுதலாமா, லோர்னா?

உன் வீட்டுக்காரன்,
டாரல்